அறுவடை முடியுற வரைக்கும்

இல்லைங்கய்யா, அவரு ஊர்ல இல்ல. மெட்ராசுக்குப் போயி இன்னையோட பதினோரு நாளாச்சு. கோர்ட்டு குடுத்த தடையுத்தரவ இன்னும் கொஞ்ச நாளைக்கு நீட்டி வாங்கிட்டு வர்றேன்னுதான் போயிருக்காரு. எம்புருசன் முருகையன ஒங்களுக்குத் தெரியாதா என்ன, இந்த வாசலுக்கு நீங்க வர்றது இது மூணாந்தடவ. கோர்ட்டு அமீனா வர்றாருன்னு ஒங்க சைக்கிள் மணிய வெச்சே தெரு நாய்ங்ககூட தெரிஞ்சு வெச்சிருக்கு, கொலைக்கவே மாட்டேங்குது பாருங்க.

உக்காருங்க. குடிக்க ஏதாச்சும்? வேணாமா. சரி, எங்க வீட்டுத் தண்ணி ஒங்களுக்குச் சரிப்படாது, தெரியும். இந்தாங்க எளநி, இது அருவா. நீங்களே சீவிக்குங்க. எங்க தெருவுல எங்க கை படாத தண்ணி அது ஒண்ணுதான்.

ஆமாமா, வயலப் பாக்கணும். பாக்கலாங்க. வயலு எங்க போயிடப் போவுது, நாங்கதானே போவப் போறோம். மொதல்ல எளநிய குடிங்க.

ஒங்க காயிதத்துல தீர்ப்பு மட்டுந்தான் இருக்கும், கத இருக்காது. இந்த மூணு மா நெலம் தியாகேசய்யாவோடது. எம்மாமனாரு அரசப்பன் நாப்பது வருசம் அதக் குத்தகைக்கு உழுதாரு. குத்தகைக்காரங்க பேரப் பதியணும்னு சர்க்காரு ஆளுங்க வந்தப்ப ஊரே வரிசையில நின்னுது. இவரு மட்டும் போவல. பேரு குடுத்தா அய்யா மனசு நோவும், அவரு வாய்ச்சொல்லு இருக்கு, அது போதும்னுட்டாரு. தியாகேசய்யாவும் நல்ல மனுசந்தான், அத நான் மறுக்க மாட்டேன். இருக்குற வரைக்கும் ஒரு சொல்லு சொன்னதில்ல. அப்பறம் அவரும் போனாரு, எம்மாமனாரும் போனாரு, வாய்ச்சொல்லும் போச்சு. அய்யாவோட மவங்காரரு கேஸு போட்டாரு, பதிவும் இல்ல ஒண்ணும் இல்ல, நெலத்த விடுன்னு. சீர்காழியில தோத்தோம். அப்பீலுலயும் தோத்தோம். கோர்ட்டுக்குப் போனா ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்னு சின்னதுல வெளையாட்டா சொல்லிக்கிட்டுத் திரிவேன். இப்ப வெளையாட்டா தெரியல.

கடைசியா மெட்ராஸ் கோர்ட்டுதான் ஒரு எரக்கம் காட்டுச்சு. பயிரு நிக்கிது, பாவம், இந்தத் தாளடிப் போகம் அறுவடை முடியுற வரைக்கும் அவங்கள வெளியேத்தக் கூடாதுன்னு. சரிதானே? நான் படிச்சவ இல்ல. அந்த ஒரு வரிய மட்டும் எம்புருசன் நூறு தடவ எனக்குப் படிச்சுக் காட்டிட்டாரு. படிச்சுப் படிச்சு அவருக்கு ஒரு யோசன வந்துச்சு. அறுவடை முடிஞ்சாத்தானே வெளியேத்துவாங்க, நாம அறுக்கவே வேணாம்னாரு.

சிரிக்காதீங்க. அந்த யோசனதானே ஒங்கள ரெண்டு தடவ திருப்பி அனுப்புச்சு? நீங்களே வரப்புல நின்னு பாத்துட்டு, பயிரு அறுக்கலன்னு எழுதிக்கிட்டுப் போனீங்க.

ஆனா ஊருல மானம் போச்சுங்க. தை பொறந்து அக்கம்பக்கமெல்லாம் அறுத்து, அடித்தாளுக்கு நடுவுல உளுந்து மொளச்சு பச்சையா நிக்கிது. நடுவுல எங்க வயலு மட்டும் பழுத்துப் போயி. பழுத்த கதிர அறுக்காம விட்டா அடுத்த வெதப்பு மொளைக்காதும்பாங்க எங்க பக்கம். கெளம்புறப்ப எம்புருசன் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. வேம்பு, நான் வர்ற வரைக்கும் வயல்ல அருவா படக்கூடாது, கதிரு நிக்கிற வரைக்கும்தான் நாம நிக்கலாம்னு. நானும் தலைய ஆட்டுனேன்.

அவரு ரயிலேறுன மறுநாளே புடிச்சுது மழ. ரெண்டு நாளு விடல. தை கடைசியில மழ பேயும்னு யாரு கண்டா? பயிரு அப்பிடியே படுத்துருச்சு. மூணாம் நாளு போயிப் பாக்குறேன், கதிருலயே மொள விடுதுங்க. தொட்டா பொலபொலன்னு சேத்துல கொட்டுது.

இருங்க, விசயத்துக்கு வர்றேன். நிக்கிதா இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லுன்னா எப்பிடிங்க?

எங்காத்தா பண்ணையில அறுப்பு அறுத்தவ. களத்துல செதறுன மணிய முந்தானையில பொறுக்கிட்டான்னு அவள எல்லார் முன்னாடியும் அடிச்சாங்க. ஒரு கையளவு நெல்லு இருக்கும். நான் பக்கத்துலதான் நின்னேன். அவ வயித்துல பொறந்துட்டு, நானே நட்ட பயிரு சேத்துல கொட்டி அழுகிப் போறத வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருக்க எனக்கு ஆவலைங்க. நெலம் நம்மளுது, நெலம் நம்மளுதுன்னு அவரு சொல்லுவாரு. எனக்கு நெலத்த விட நெல்லுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. தப்புதான். தெரிஞ்சுதான் செஞ்சேன்.

நேத்து அவருகிட்டருந்து கார்டு வந்துச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. இத்தன நாளா தள்ளித் தள்ளிப் போன கேஸ இன்னைக்குத்தான் கூப்புடுறாங்களாம். பயிரு இன்னும் நிக்கிதுங்கற ஒண்ண வெச்சுத்தான் வக்கீலு பேசப் போறாராம். அதான் ஒங்கள இவ்ளோ நேரம் உக்கார வெச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன். அங்க உத்தரவு ஆயிட்டா இங்க நீங்க எழுதுறது ஒண்ணும் செய்யாதோன்னு ஒரு நப்பாசை. அப்பிடியெல்லாம் நடக்காதுன்னு எனக்கே தெரியும்.

சரி, எந்திரிங்க, போவலாம். செருப்ப இங்கயே விட்டுட்டு வாங்க, சேறா கெடக்கு. அடித்தாள் காலக் குத்தாது, நல்லா ஒட்டத்தான் அறுத்திருக்கேன்.

ஆமாங்க, நாந்தான். தெருப் பொம்பளைங்களக் கூப்புட்டேன், ஒம்புருசன் வேணாம்னு சொல்லிட்டுப் போன வயல்ல நாங்க எறங்க மாட்டோம்னுட்டாங்க. ஒத்த ஆளா ஏழு நாளு. நேத்து பொழுது சாயத்தான் கடைசி மொன முடிஞ்சுது. அறுவடை முடிஞ்சுதுன்னே எழுதிக்குங்க. யாரு அறுத்ததுன்னு கேட்டா எம்பேரப் போடுங்க, கைநாட்டு வெக்கிறேன். ஒரு ஒதவி மட்டும் செய்யுங்கய்யா. அவரு திரும்பி வந்து ஒங்ககிட்டத்தான் மொதல்ல ஓடி வருவாரு. நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வாய் வராது.

மணி என்னங்க, பத்தரையா? அப்ப கோர்ட்டு தொறந்திருக்கும். இந்நேரம் அவரு வக்கீலு பின்னாடியே போயி, நிக்கிதுங்க, எம்பொண்டாட்டி காவலுக்கு இருக்கா, கதிரு அப்பிடியே நிக்கிதுங்கன்னு சொல்லிக்கிட்டு இருப்பாரு.