கொஞ்சம் முந்தி அழுத்தணும்

வீடியோ கேமில் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் ஆள் பந்தை உதைப்பதற்கும் நடுவில் ஓர் இழுவை விழுந்தால், பத்துக்கு எட்டுப் பேர் கன்ட்ரோலரைத்தான் திட்டுவார்கள். பேட்டரி மாற்றுவார்கள், ஒயர் மாற்றுவார்கள், புதிதே வாங்கிவிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் டிவியில் இருக்கும். பெரிய டிவிகள் வந்த படத்தை அப்படியே காட்டுவதில்லை. வழவழப்பாக்கிவிட்டுத்தான் காட்டும். அந்த ஒப்பனைக்கு நேரம் பிடிக்கும். செட்டிங்கில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் ஒப்பனை நின்று, கை சொன்னதைத் திரை உடனே கேட்கும். ஒரு நிமிஷ வேலை.

ஷவ்கி புது டிவி வாங்கியபோது அதை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அவன் எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். மூன்றாம் மாடியில் அவனும், ஹஜ்ஜுக்குப் போய்வந்ததால் எல்லோரும் ஹாகா என்று கூப்பிடும் அவன் அம்மா நகாத்தும். கீழே என் ரிப்பேர் கடை, மொட்டை மாடியில் என் அறை. நான் சோஹாக்கிலிருந்து வந்தவன். தெற்கே, ரயிலில் ஒரு முழுப் பகல் தூரம். பதினொரு வருஷமாக வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். என்னைத் தனியாகச் சாப்பிட அவர்கள் விட்டதே இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தவனுக்குத்தான் மனிதக் கை என்னவென்று தெரியும். வியர்வை, தோல் செதில், எச்சில், எண்ணெய் எல்லாம் சேர்ந்து காதுக் குறும்பி மாதிரி பொத்தான்களுக்கு அடியில் படிந்திருக்கும். குச்சியால் சுரண்டினால் நூலாக வரும். ஷவ்கியுடையது எல்லாவற்றிலும் மோசம். பூசணி விதையைக் கடித்துத் தோலை உள்ளங்கையில் துப்பிக்கொண்டே ஆடுவான். ஆனால் அந்தக் கைகளைப் போல வேகமான கைகளை நான் பார்த்ததில்லை. தெருவில் யாரும் அவனை ஜெயித்ததில்லை.

அந்த வருஷம் வசந்தப் பண்டிகைக்கு வீடு நிறைய ஆட்கள். தரையில் செய்தித்தாளை விரித்து ஃபஸீக் வைத்திருந்தார்கள். உப்பில் புளித்து, தொட்டால் கூழாகிற மீன். ஷவ்கி அதை விரலால் பிய்த்துத் தின்றான். விரலைச் சூப்பினான். மீதியைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, அதே கையால் ஒரு கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான்.

"பிடிடா பகீத். வா, ஒரு ஆட்டம்."

அது என் கையில் வழுக்கியது. அஞ்சு பூஜ்யம் என்று தோற்றேன்.

"தெற்கத்தி ஆளுகிட்ட ஒரு ஜோக் சொன்னா எப்ப சிரிப்பான் தெரியுமா?" என்று அவன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். "இன்னைக்குச் சொன்னா அடுத்த பண்டிகைக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாகாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்சம் பிந்திவிட்டது போலிருக்கிறது. அதற்கு இன்னொரு தடவை சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை. கை நாற்றம்தான் மூன்று நாள் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் தேநீர் எடுக்கப் போனபோது ரிமோட் என் பக்கத்தில் இருந்தது. கேம் மோடை எடுத்துவிட்டேன். வழவழப்பை முழுதாக ஏற்றினேன். படம் முன்னைவிட அழகாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்தில் கடைக்கு இறங்கி வந்தான்.

"பகீத், கன்ட்ரோலர் இழுக்குதுடா."

பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தேன். அது சரியாகவில்லை. புதிது வாங்கினான். அதுவும் இழுத்தது. "நீயே வந்து பாரு" என்றான். போனேன், அவனோடு ஆடினேன், மூன்று கோல் போட்டேன்.

அது எப்படி என்று கேட்பீர்கள். ரிப்பேருக்கு வந்த ஒரு டிவியை என் அறையில் அதே மாதிரி மாற்றி வைத்துக்கொண்டு தினமும் பழகியிருந்தேன். பந்து வருவதற்குள் கொஞ்சம் முந்தி அழுத்தணும், அவ்வளவுதான். பொறுமையுள்ள யாருக்கும் வரும்.

"எனக்கு ஒண்ணும் இழுக்கலையே ஷவ்கி," என்றேன்.

அவன் தன் கைகளைப் பார்த்தான். அவன் அப்பா கை நடுக்கம் வந்து செத்தவர். கடைசியில் கரண்டி பிடிக்கவும் முடியாமல், ஹாகாதான் ஊட்டினாள். இது எனக்குத் தெரியும். நான் அதை வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஹாகா இதைக் கண்ணேறு என்றாள், யாரோ பொறாமையில் பார்த்த பார்வை. காகிதத்தில் ஒரு பொம்மை வெட்டி, ஊசியால் குத்திக் குத்திப் பெயர் சொன்னாள். "எதிர்வீட்டு சமீரா கண்ணுலருந்து. மீன்காரன் கண்ணுலருந்து. பாத்துட்டு அல்லா பேரைச் சொல்லாத அத்தனை பேரு கண்ணுலருந்து." பிறகு அதைச் சாம்பிராணியில் போட்டு அவன் தலையைச் சுற்றினாள். தணல் சட்டியை நான்தான் பிடித்துக்கொண்டேன். என் பெயரை அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "நீ நம்ம வீட்டுப் புள்ளப்பா," என்றாள்.

பிறகு அவன் கிரேனில் ஏறப் பயந்தான். "கீழ ஆளுங்க நிக்கிறாங்கடா. என் கை பிந்திச்சுன்னா?" என்றான். யாரும் சொல்லாமல் அவனே போய் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினான். நேர்மையானவன். டாக்டரிடம் போனான். கழுத்தைப் படம் எடுத்தார்கள். எலும்புக்கு நடுவில் ஓர் இடத்தில் நரம்பு அழுந்துகிறது என்றார்கள். அந்த வயதில் யாரைப் படம் எடுத்தாலும் இப்படி ஏதாவது தெரியும் என்றுகூட ஒரு டாக்டர் சொன்னார். ஷவ்கி கேட்கவில்லை. அறுத்துச் சரிசெய்யுங்கள் என்று அவனே கெஞ்சினான். கை விளங்காமலும் போகலாம் என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

கை விளங்காமல்தான் போனது. இரண்டும்.

அவன் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை நான் டிவியைச் சரிசெய்தேன். கேம் மோடைப் போட்டேன். கன்ட்ரோலரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அவன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொத்தான்மேல் வைத்தேன். விரல்கள் சுத்தமாக இருந்தன. ஹாகா வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டிருந்தாள். நகமும் வெட்டியிருந்தாள். கன்ட்ரோலர் நழுவித் தரையில் விழுந்தது.

"இப்பவும் இழுக்குதா?" என்று கேட்டேன்.

"தெரியலடா," என்றான். "நீ ஆடு. நான் பாக்கறேன்."

ஆடினேன். துளி இழுவை இல்லை. நான்தான் பழக்கத்தில் முந்தி முந்தி அழுத்தி எல்லாப் பந்தையும் கோட்டைவிட்டேன். அவன் சிரித்தான். இப்போது அவனுக்கு நான்தான் ஊட்டுகிறேன். மீன் என்றால் முள் எடுத்து, சிறு கரண்டியால். வாயோரம் வழிவதைத் துடைக்கிறேன். குமட்டுகிறது, பொறுத்துக்கொள்கிறேன். வேறு யார் செய்வார்கள்?

நேற்று ஹாகா மறுபடி காகிதப் பொம்மை வெட்டினாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஊசியை என்னிடம் கொடுத்தாள். "நீ குத்துப்பா. ஒருத்தர் பேரையும் விட்டுடாத," என்றாள். நிதானமாகக் குத்தினேன். தெரு முழுக்கச் சொன்னேன். பண்டிகையன்று வந்தவர்கள் எல்லோரையும் சொன்னேன், செத்துப்போனவர்களைக்கூட.

என் பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்தப் புகைக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது. அவன்மேல் எனக்கு ஒருநாளும் பொறாமை இருந்ததில்லை.