மாப்பிள்ளை எழுதிய இரண்டு வரி

நான் ஸ்கேன் மையத்தில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வயது நாற்பத்து மூன்று. மையத்துக்குப் பின்தெருவில், மாடி வீட்டில் நாத்தனாருடன் குடியிருக்கிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது:

எங்கள் மேனேஜர், முதலாளியின் மருமகன். அவரை மாப்பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வோம். வேறு தகுதி எதுவும் அவருக்கு இருப்பதாக எனக்குத் தெரியாது. போன மாதம் அவர் வீடியோ பார்த்து பாஷ் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளை எழுதிவைப்பது, கற்கத் தொடங்கினார். முதல் ஸ்கிரிப்ட் அவர் பெயரைத் திரையில் நூறு முறை காட்டியது. அதைப் பார்க்க எங்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்தார். அதன் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு, வேண்டாத ஃபைல்களை அழிக்க இரண்டு வரி எழுதி, தினமும் மாலை ஐந்து மணிக்குத் தன் கையாலேயே ஓடவிட்டார். முதல் வரி, எங்கே இருந்தாலும் ‘குப்பை’ என்ற ஃபோல்டருக்குள் போ. இரண்டாம் வரி, நிற்கும் இடத்தில் உள்ளதையெல்லாம் அழி. அந்த ஃபோல்டர் இல்லாவிட்டால் முதல் வரி நடக்காது, ஆனாலும் பாஷ் நிற்காமல், இருந்த இடத்திலேயே இரண்டாம் வரியைச் செய்துவிடும் என்று சொன்னேன். “அக்கா, பத்து நாள்ல நான் கத்துக்கிட்டதை நீங்க பதினோரு வருஷமா கத்துக்கலை. போய் ரிப்போர்ட் அடிங்க” என்றார். டெக்னீஷியன் சிரித்தார்.

அதன் பிறகு, சென்ற மாதக் கடைசிச் செவ்வாய் நான்கரை மணிக்கு, அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றியது நான்தான். அவர் எப்போதும் தன் சொந்த ஃபோல்டரில் இருந்துதான் ஓடவிடுவார். அவருடைய பாடங்களும் போட்டோக்களும் போகட்டும், மூக்கு உடையட்டும் என்று நினைத்தேன். அன்று அவர் ஸ்கேன் படங்கள் உள்ள ஃபோல்டரில் இருந்தபடியே ஓடவிட்டார். எந்த ஃபோல்டர் என்பது திரையில், வரியின் தொடக்கத்திலேயே தெரியும். பக்கத்தில் நின்ற நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகல் எடுத்துவைக்கும் வேலையை வெட்டி வேலை என்று மாப்பிள்ளை முன்பே நிறுத்தியிருந்தார். அழிந்ததில், தலையில் இருந்த கட்டிக்கு மறுநாள் ஆபரேஷன் செய்யவேண்டிய தையல்காரரின் படங்களும் இருந்தன. மறுபடி படம் எடுத்து, ஆபரேஷன் தியேட்டர் கிடைக்க ஆறு நாள் ஆனது. அதற்குள் அவருடைய வலது கை விழுந்துவிட்டது.

இதற்காக மாப்பிள்ளையைப் பிடித்து ஸ்டேஷனில் வைத்திருக்கிறீர்கள். ஃபோல்டர் எப்படிக் காணாமல் போனது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை, விளங்கவும் விளங்காது. இன்று காலை அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து, “நீங்கதான் விவரம் தெரிஞ்சவங்க. ஏதாவது சொல்லுங்கக்கா” என்றார். மாப்பிள்ளை தெரியாமல் செய்தார். நான் தெரிந்து செய்தேன்.

இதை அதிகாரி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை.

(கையொப்பம்)