காதுல சொல்ற பேரு

இல்ல மிஸ்ஸி, ராஜா வம்சம்லாம் கெடையாது. அப்படியா சொன்னாரு தொரை உங்ககிட்ட? நெஃப்சிங்கற அவரு குடும்பப் பேருக்கு அவங்க அயர்லாந்துப் பாஷையில மருத்துவச்சி வீட்டுப் புள்ளைங்கன்னு அர்த்தம். கட்டில் கம்பிய நல்லாப் புடிச்சுக்குங்க. பல்லக் கடிக்காதீங்க, மூச்ச விடுங்க. ஆங், அப்படித்தான்.

நெசமாத்தான். அங்கயும் அப்பன் பாட்டன் பேரத்தான் வச்சுக்குவாங்களாம். இது மாதிரி பொம்பளையால வந்த பேரு ரொம்ப அபூர்வமாம். என்னைக்கோ ஒரு மருத்துவச்சி, ஊர்ல பாதிப் பேர கையில ஏந்தினவ. அவ புள்ளைங்க, பேரப் புள்ளைங்கன்னு சொல்லிச் சொல்லி அதுவே நின்னுபோச்சு. நம்ம கம்பத்து ஊருங்கள்ல மலாய்க்காரங்க மருத்துவச்சிய பீடான்னு கூப்புட்டு, பீடான் பேரன்னு சொல்றதில்லயா, அந்த மாதிரிலா. ஆயா கையில வளந்தவங்க நீங்க, நான் பேசற தமிழ் புரியும்.

வராந்தாவுல பூட்ஸ் சத்தம் கேக்குதா? உள்ள வரமாட்டாரு. நான் படியேறினப்ப தொரை மொகம் போன போக்க நீங்க பாக்கல. வரவேண்டிய நர்ஸம்மாவுக்குக் காய்ச்சல்னு உங்க சமையக்காரி என்னக் கூட்டியாந்துட்டா. யாரு வீடுன்னு அவ சொல்லல. சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்.

எனக்கு எப்படித் தெரியுமா? எங்க ஊரு பாலிக் புலாவுல ரோடு போட வந்தாரில்ல தொரை, உங்களப் பாக்கறதுக்கு முன்ன. ஒங்க அம்மா என்ன வேல செய்றாங்கன்னு எங்கிட்ட கேட்டாரு. மருத்துவச்சின்னேன், நானும் கத்துக்கறேன்னேன். சிரிச்சுட்டு இந்தக் கதையச் சொன்னாரு. இந்தப் பேரு ஒனக்குன்னே வந்தது, வேற எவளுக்கும் பொருந்தாதுன்னாரு. நான் நம்பிட்டேன்.

கைய இழுத்துக்காதீங்க மிஸ்ஸி. எங்கையால உங்களுக்கோ புள்ளைக்கோ ஒண்ணும் ஆகாது. அது வேற, இது வேற. முக்குங்க.

அவங்க வீட்டுல ஒரு பழக்கமாம். புள்ள பொறந்ததும் மருத்துவச்சிதான் மொதல்ல அதுங் காதுல அந்தப் பேரச் சொல்லணும். அப்புறந்தான் அப்பன் கையில குடுக்கறது. இத உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாரு. ராஜா வீட்டுல ஏது இதெல்லாம்.

தல தெரியுது. இன்னும் ஒரு தடவ... அவ்ளோதான், வந்துட்டான். பையன். அழறான் பாருங்க, நல்ல தொண்ட.

இருங்க, காதுல சொல்லிட்டுத் தரேன். எனக்கு இது புதுசில்ல. எம்மக பொறக்கறதுக்கு முன்னயே எங்கம்மா போயிட்டா, பக்கத்துல யாருமில்ல. நானே கொடிய அறுத்து, நானே அவ காதுல சொன்னேன், நெஃப்சின்னு. அப்பன் கையில குடுக்கறது மட்டும் இன்னும் பாக்கி.

கதவத் தெறக்கட்டுமா, மிஸ்ஸி?