நாற்பது பெட்டி இன்சுலின்

வேலையில் சுத்தம் என்று பெயர் எடுத்தவன் நான், சார். மருந்துக் கிடங்கில் பதினாறு வருஷமாக ஆர்டர்களுக்குச் சரக்கு ஒதுக்குகிறேன். ரேக்கிலிருந்து பெட்டி எடுத்தாயிற்று என்று உறுதி செய்யும்போது, அது எந்த பேட்ச், எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று கணினி கேட்கும். அந்த எண்ணைப் போடுவது நான்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் நாற்பது பெட்டி இன்சுலின் வந்திறங்கியது. வீட்டில் மச்சினன் வந்து காத்திருந்தான். குளிர் அறையில் வைத்தாயிற்று என்று முதலில் கணினியில் பதிந்தேன். அப்புறம் வைக்க மறந்து கிளம்பிவிட்டேன். திங்கள் காலை தொட்டுப் பார்த்தால், தகரக் கூரைக்கடியில் இரண்டு பகல் வெந்த பெட்டிகள் அப்போதும் வெதுவெதுவென்று இருந்தன. ஆட்கள் வருவதற்குள் உள்ளே அடுக்கினேன். கணினியைப் பொறுத்தவரை அது நல்ல சரக்கு.

மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். தங்கமான மனுஷர். நாலு திட்டு திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் எடுத்த பெயர் போயிருக்கும்.

பெரிய மருத்துவமனைகளுக்கு அந்த பேட்சை ஒதுக்கவில்லை. அவர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். ஆர்டர் வர வர, வாயில்லாப் பூச்சிகளான சின்னக் கடைகளாகப் பார்த்து, கடைக்கு ஒரு பெட்டி ஒதுக்கினேன். எல்லாவற்றையும் ஒருத்தர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று நினைத்தேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் வாரம் ஒரு கடைக்காரர் ஃபோன் செய்தார். வயதானவர்.

"தம்பி, நம்ம கடையில ஊசி மருந்து வாங்கற டீச்சரம்மா, ஒரு வேளை தவறாம போட்டும் சர்க்கரை இறங்காம, நேத்து போய்ச் சேர்ந்துட்டாங்க. பெட்டியில ஏதாச்சும் கோளாறு இருக்குமா?"

"உங்க ஃப்ரிட்ஜைப் பாருங்க ஐயா. கரண்ட் போய்ப் போய் வந்திருக்கும்."

"அப்ப நான்தான் கொன்னுட்டேனா, தம்பி?"

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க ஐயா" என்றேன்.

அவர் கடையை மூடிவிட்டதாக எங்கள் சரக்கு வண்டி ஓட்டுகிறவர் பிறகு வந்து சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கூனிக் குறுகிப்போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் ஃபோன் செய்த அன்றைக்கு முப்பத்துமூன்று பெட்டிதான் வெளியே போயிருந்தது. ஏழு பெட்டி குளிர் அறையிலேயே இருந்தது. மறுநாள் பதினொரு மணிக்குள் அந்த ஏழையும் ஏழு கடைகளுக்கு ஒதுக்கி, உறுதி செய்தேன்.