கீறினால் பச்சை தெரியும்

உங்கள் அலுவலக வாசலில் நிற்கிற மரத்துக்கு யாரோ அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உள்ளே வரும்போதே பார்த்தேன். நட்டு ஆறு மாதம் இருக்கும். அடியில் சேறு, இலை நுனியில் மஞ்சள். அன்பாகத்தான் ஊற்றுகிறார்கள், பாவம். வாரத்துக்கு இரண்டு முறை, வேர் நனையும்படி மெதுவாக விட்டால் போதும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் வேலை. சாலையை அகலப்படுத்தும்போது குறுக்கே வருகிற பெரிய மரங்களை வேரோடு எடுத்து, வேறு இடத்தில் நட்டுப் பிழைக்க வைப்பேன். நூறு மரம் நகர்த்தினால் மற்றவர்களுக்கு நாற்பது தேறும். எனக்கு எண்பத்தைந்து. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் அக்காவைக் கவனிக்காமல் விட்டேன் என்று அவள் மகள் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அது மட்டும் உண்மையில்லை. மற்றதெல்லாம் நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது பெரியவள். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, "குள்ளா, குள்ளா" என்று இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள்தான். நான் வளர்ந்து ஆறடி ஆன பிறகும் அவளுக்குக் குள்ளன்தான். எனக்குப் பதினொரு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. ஒரே நாளில் போய்விட்டாள். இடம் மாறிப் போகிறாளே என்று எல்லாரும் அவளுக்காக அழுதார்கள். அவளுக்கு அங்கே ஒரு குறையும் வரவில்லை. வாடிப்போனது நான். எனக்கு யாரும் நிழல் கட்டவில்லை, முட்டுக் கொடுக்கவில்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், சேற்றுக் கைக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சிரித்து மழுப்பினேன்.

அத்தான் இறந்தபோது, இனி என்னோடு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஓர் அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன். அவள் வரவில்லை. கீழே தையல் அறை, மேலே படுக்கை, நடுவே பதினான்கு மரப்படிகள். அதுதான் அவள் வீடு.

"மெஷின் சத்தம் கேக்கலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்டா. வேணும்னா நீ இங்க வந்து இரு. காஜா எடுக்கக் கத்துத் தரேன்," என்றாள். அவள் பேச்சே அப்படித்தான், கேலி கலந்து வரும்.

பெரிய மரத்தை நினைத்த மாத்திரத்தில் தூக்க முடியாது. ஆறு மாதம் முன்பே சுற்றிலும் பள்ளம் தோண்டி, தூரத்தில் ஓடுகிற வேர்களை வெட்டிவிட வேண்டும். மொத்தமாக வெட்டினால் தாங்காது. ஒரு பக்கம் வெட்டி, ஆற விட்டு, பிறகு மறுபக்கம். அப்போதுதான் அடிமரத்துக்கு அருகிலேயே புது வேர் விடும். தூக்குகிற அன்று மரத்துக்கு வலி அதிகம் தெரியாது.

முதலில் அக்காவின் எதிர்வீட்டுக்காரி. தினமும் சாயங்காலம் டீயோடு வந்து வாய் ஓயாமல் பேசுகிறவள். அக்காவுக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப் போகிறது, உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அவளிடம் சொன்னேன். ரோஷக்காரி, அதோடு நின்றுவிட்டாள். இரண்டு மாதம் ஆற விட்டேன். பிறகு, தைக்கத் துணி கொண்டுவருகிற பெண்கள். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, அளவு தப்புகிறது என்று ஒருத்தி காதில் போட்டேன். தெருவுக்கே தெரிய ஒரு வாரம் பிடித்தது.

"ஒருத்தியும் எட்டிப் பாக்க மாட்டேங்குறாளேடா," என்றாள் அக்கா, சும்மா கிடந்த மெஷினைத் துடைத்துக்கொண்டே. "நான் யாருக்குடா என்ன பண்ணினேன்?"

"அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை அக்கா. நான் இருக்கேன்ல."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வேர் வெட்டினால் கொஞ்சம் வாடும்.

அப்புறம் அவள் மாடிப்படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். மகள் வெகு தொலைவிலிருந்து கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். நடக்கிற வரைக்கும் அக்கா என்னிடம் இருக்கட்டும் என்று நான் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லைன்னா என்ன பண்ணியிருப்பேன் மாமா" என்றாள். இதையும் அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாளா என்று தெரியவில்லை.

அக்காவை என் வீட்டுக்குக் கொண்டுவந்த அதே வாரம், அவள் வீட்டைக் காலி செய்து வேறு குடும்பத்தைக் குடிவைத்தேன். மெஷினையும் கொடுத்துவிட்டேன். மரம் எடுத்த குழியை அன்றைக்கே மூடிவிடுவது எங்கள் வழக்கம். திறந்து கிடந்தால் யாராவது விழுவார்கள். நட்ட மரத்தை மறுபடி எடுக்கவும் கூடாது. முதல் தடவை பிழைத்தது இரண்டாம் தடவை பிழைக்காது. அக்காவிடம் இதைச் சொல்லி மனதைக் கலைக்க விரும்பவில்லை.

முதல் வருடம்தான் கண்டம். வெயில் சுடக் கூடாது என்று ஜன்னலுக்குப் பச்சை நிழல்வலை கட்டினேன். அறை முழுக்க நல்ல பச்சை வெளிச்சம். மரம் அசைந்தால் புது வேர் அறுந்துபோகும். ஆகவே, அவளை நடக்கப் பழக்க வந்த பெண்ணை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன். எழுந்திருக்கப் பார்த்ததால் கட்டிலோடு கட்ட வேண்டியிருந்தது. மரத்துக்குக் கட்டுகிற அகலமான பட்டைதான், தோலை அறுக்காது. இரண்டு விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டேன். உரம் போட்டால் வேர் கருகும் என்பதால் சாப்பாடு கிடையாது. காய் வேகவைத்த தண்ணீர், காலையும் மாலையும், மெதுவாக. போனை வாங்கி வைத்துக்கொண்டேன்.

தினமும் ஒரே கேள்வி.

"எப்படா வீட்டுக்குப் போறது?"

"வேர் பிடிக்கட்டும் அக்கா."

"எனக்கு என்னடா வேரு? நான் என்ன புளியமரமா?"

முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது.

இரண்டாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முதுகில் புண் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. நட்ட மரம் இலையைக் கொட்டினால் தெரியாதவர்கள் பதறுவார்கள். அது பாரத்தைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பட்டையை நகத்தால் லேசாகக் கீற வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் இருக்கிறது.

அக்காவின் கையில் இருக்கும் கீறல்களைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? அவை அப்படிக் கீறிப் பார்த்தவைதான். எத்தனை எண்ணினீர்கள், பதினேழா? சரியாகத்தான் இருக்கும். அவளுக்குச் சிவப்பாக வரும். வந்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

மூன்றாம் மாதம் ஒரு மதியம் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள்.

"அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன் மாமா."

"தூங்குறா. இப்ப எழுப்பக் கூடாது."

"எழுப்ப மாட்டேன். ஜன்னல் வழியா பாக்குறேன்."

"அப்புறம் உன்னோட வரணும்னு அடம் பிடிப்பா. அவ உடம்பு தாங்காது. அடுத்த மாசம் வா."

அக்காவிடம், தைக்கும்போது விரலில் மாட்டுகிற ஒரு பித்தளைத் தொப்பி இருந்தது. அவள் வீட்டிலிருந்து வந்தது அது ஒன்றுதான். மகள் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். கட்டில் கம்பியில் அதால் தட்டத் தொடங்கினாள். டக், டக், டக். மகள் தலையை நிமிர்த்தினாள். நான் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். பழைய மோட்டார், காது அடைக்கும். தொட்டி நிரம்பி வழிகிற வரை அவள் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு உள்ளே போனபோது அக்கா அழவில்லை. என்னைப் பார்க்காமல் பச்சை வலையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பிறகு நான்கு நாள்தான்.

பதினேழில் கடைசி மூன்று கீறல்களில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மரம் பட்டுப்போனது போலத் தெரிந்தால் உடனே பிடுங்கிவிட மாட்டோம். பொறுத்துப் பார்ப்போம். அடியிலிருந்து துளிர்த்த மரங்களை நானே பார்த்திருக்கிறேன். தினமும் தண்ணீர் வைத்தேன். ஒன்பதாம் நாள் மகள் உங்கள் ஆட்களோடு வந்து கதவை உடைத்தாள்.

அந்த ஒன்பது நாளும் வேலைக்குப் போனேன். முட்டுக் கம்பு ஊன்றும்போது அடிமரத்துக்குள்ளிருந்து டக், டக் என்று கேட்கும். பூச்சி துளைக்கிறதோ என்று காதை வைத்துப் பார்த்தேன். அடுத்த மரத்திலும் கேட்டது. இப்போது இந்த மேஜைக்கு அடியில் கேட்கிறது. உங்களுக்குக் கேட்காவிட்டால் பரவாயில்லை. எனக்குப் பயமில்லை. அவள் அடுத்து என்ன கேட்பாள் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படியைப் பற்றிக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

நாலாவது படி ஆடுகிறது, வந்து சரி செய்துவிட்டுப் போ என்று அக்காதான் கூப்பிட்டாள். போனேன். அதில் நான்கு திருகாணிகள், இரண்டு தளர்ந்திருந்தன. நன்றாக இருந்த மற்ற இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டேன். அவள் கீழே உட்கார்ந்து எனக்கு ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை விழுந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வண்டியில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் படிய நீ சரி பண்ணலையா குள்ளா?" என்றாள். பண்ணினேன் அக்கா என்றேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். அதற்குப் பிறகு படியைப் பற்றியும் பேசவில்லை, குள்ளா என்றும் கூப்பிடவில்லை.

அந்த இரண்டு திருகாணிகளும் என் வீட்டு அலமாரியில், துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, ஒரு சின்ன டப்பாவில் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள். அவள் திரும்பிப் போகிற அன்று மாட்டிவிடலாம் என்றுதான் வைத்திருந்தேன். அக்காவை வீட்டுக்கு அனுப்புகிற எண்ணம் இல்லாதவன், அவற்றை ஏன் அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கப் போகிறான்?