நான்காம் வகுப்பின் வெள்ளிக்கிழமைப் பந்தி

தலைமையாசிரியை அறையில் மின்விசிறி ஒன்றுதான். நேற்று அதன் நேர்க்கீழே தலைமையாசிரியை மெஹராஜ், எதிரே மானசாவின் அப்பா மாசானம், அவர் பக்கத்தில் மனைவி சங்கரேஸ்வரி. கதவோரத்து ஸ்டூலில், நான்காம் வகுப்பு ஆசிரியனான நான். மாசானம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்புள்ளைய நீங்கதான் தூக்கிட்டு ஓடுனீயளாம். ஒங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன் சார்?”

ஓடியது உண்மை. அதற்கு முன்னால் நடந்ததை யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அவர்கள் மகள் மானசாவுக்கு வேர்க்கடலை ஆகாது, உயிருக்கே ஆபத்து என்று ஜூனில் சொன்னார்கள். என் வகுப்பில் வெள்ளிதோறும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களைப் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். இங்கே மும்பையில் அதை அங்கத்-பங்கத் என்பார்கள். அதை நிறுத்தினேன். சிக்கி என்கிற கடலை மிட்டாய் கூடாது. கடலை சேர்த்த வடாபாவ் சட்னி கூடாது. கை கழுவாமல் அவளைத் தொடக் கூடாது. பெற்றோருக்கு வரிசை எண்ணிட்டுப் பதினொரு கடிதங்கள் எழுதினேன். தமிழ் வாசிக்கத் தெரியாத வீடுகளுக்குப் போய், தாராவிச் சந்துகளில் நின்று நேரில் சொன்னேன்.

“ஒருத்திக்காவ முப்பத்தேழு புள்ளைய வாயக் கட்டணுமா?” என்றார்கள் மற்ற பெற்றோர். எட்டு மாதமாக அதையே கேட்டார்கள். உண்மையிலேயே ஆகாதா, வீட்டார் கொடுத்த செல்லமா என்று பார்த்துவிடுவது எல்லோருக்கும் நல்லது என்று பட்டது.

செவ்வாயன்று தேங்காய்ச் சட்னி கொண்டுபோனேன். கடலைப் பொடி அரைக் கரண்டி, அவ்வளவுதான். மற்றவர்கள் வராந்தாவில் சாப்பிட்டார்கள். அவள் எப்போதும்போல் என் மேசையருகே, தனியாக.

“சார், இதுல கடலை இல்லல்லா?”

“இல்ல மக்கா. தேங்காதான்.”

அவளுக்காகச் சட்டம் போட்டவனே நான்தானே. மறுபேச்சில்லாமல் தொட்டுக்கொண்டாள்.

மணி ஒன்று பத்து. தொண்டையைச் சொறிந்தாள். உதடு தடித்தது. கடலை பட்டுவிட்டால் உடனே போட அவள் வீட்டார் கொடுத்திருந்த ஊசி என் மேசை இழுப்பறையில் இருந்தது. போடவும் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். “ஊசி, சார்” என்றாள். உடனே போட்டால் ஒன்றும் தெரியாமல் போய்விடும். பதினைந்து நிமிடம் பொறுத்தேன். பேச்சு நின்ற பிறகு போட்டேன், தூக்கினேன், ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

இன்று பெற்றோருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். வெள்ளி முதல் பந்தி மறுபடியும் உண்டு, எதையும் கொடுத்தனுப்பலாம். முப்பத்தெட்டு உறைகளையும் ஒட்டி, முகவரி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். மாசானம் வீட்டுக்கும் ஒன்று போகிறது. அந்த ஒரு வீட்டை மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை.