அவள் பங்கு மாத்திரை

எங்கள் கம்பெனி லைனில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். மாற்றாள் வந்து நின்ற பிறகுதான் நகரலாம். நான் கை தூக்கிக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசர் மோகன், “இன்னா ஜெகதீஷ், சுகரா?” என்று சிரித்தார். சூடு என்றேன். பெயின்ட் காயவைக்கும் அடுப்புப் பக்கத்திலேயே நிற்பவனுக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? எல்லோரும் நம்பினார்கள்.

என் மனைவி யுவஸ்ரீயும் நம்பினாள். சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், காலையில் ஊறவைத்த வெந்தயம் கொடுத்தாள். அடிவயிற்றிலும் அதற்குக் கீழேயும் வலி. உட்கார்ந்தாலும் இருக்கும், நின்றாலும் இருக்கும். சலித்துப்போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுங்குவார்சத்திரம் லாட்ஜில் இருக்கும் பெண்களிடம் போய்வருகிறவன் நான். அதை யாரும் கேட்கவில்லை.

காஞ்சிபுரம் டாக்டர் கேட்டார். சொன்னேன். உறை போடாமல் போனதில் கிருமி ஏறி, புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்றார். “ஒய்ஃபுக்கும் போயிருக்கும். ரெண்டு பேரும் சாப்பிடணும். முடியிற வரைக்கும் தள்ளிப் படுங்க” என்று அவளுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையைக் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். தள்ளிப் படுத்தாலும் கேட்பாள். சொன்னால் அழுவாள். அவளை அழவைக்க எனக்கு மனம் வரவில்லை. என் மாத்திரை தீர்ந்தும் வலி விடவில்லை. வீணாகப் போவானேன் என்று அவள் பங்கையும் நானே விழுங்கினேன்.

கொஞ்ச காலத்தில் அவளுக்கும் அடிவயிறு வலித்தது. “உன் சூடு என்னையும் புடிச்சிக்கினு கீது போல. டாக்டராண்ட போலாமா?” என்றாள். சூட்டுக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா என்றேன். வெந்தயத்தை என் கையாலேயே ஊறவைத்துக் கொடுத்தேன்.

அவளுக்கு நாள் தள்ளிப்போனபோது வீடே சந்தோஷப்பட்டது. நானும்தான். கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருந்தது யாருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம் அது வெடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “இதுக்கு முன்னாடி இன்ஃபெக்‌ஷன் எதுனா இருந்துச்சா?” என்று கேட்டார். இல்லை, சூட்டு உடம்பு என்றேன்.

யுவஸ்ரீ பிழைக்கவில்லை. கிருமி அந்தக் குழாயை முன்பே கெடுத்து வைத்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். அதைக் கொடுத்தவன் நான்தான். தெரிந்தேதான் கொடுத்தேன். அன்று நான் அழுதது பொய்யில்லை.

அம்மா இப்போது எனக்கு மறுபடியும் பெண் பார்க்கிறாள். வலி இன்னும் விட்டபாடில்லை. இந்தத் தடவையாவது நல்ல உடம்புக்காரியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.